சரளையும் டர்ஃபும்

புல்தரையில் ஆடுவது நல்லதா, செயற்கைப்புல்லில் ஆடுவது நல்லதா என்று உலகம் முழுக்க விளையாட்டுக்காரர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கோவில்பட்டியில் என் வயதுக்காரர்களுக்கு அந்த வாதத்தில் இடமே இல்லை. நாங்கள் புல்லில் ஆடியவர்கள் கிடையாது. எங்கள் ஹாக்கி மண்ணில் நடந்தது. அந்த மண்ணிலும் பாதி சரளை. ஆகவே செயற்கைப்புல், எங்கள் பேச்சில் டர்ஃப், வந்தபோது எங்களிடமிருந்து பறிப்பதற்குப் புல் இருக்கவில்லை. அது வேறு சிலவற்றை எடுத்துக்கொண்டது, வேறு சிலவற்றைக் கொடுத்தது. இரண்டையும் கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் நினைவுக்கு வரும். எங்களுக்கு ஹாக்கிதான் முதலில். ‘ஹாக்கிபட்டி’ என்று பத்திரிகைகள் எழுதியதில் மிகை இல்லை. நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் தெருவுக்கு ஒரு டீம் இருந்தது. சாயங்காலமானால் சைக்கிள் கேரியரில் ஸ்டிக்கைச் சொருகிக்கொண்டு பையன்கள் கிளம்புவதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கோடையில் அகில இந்திய டோர்னமென்ட் நடக்கும்போது ஊர் மொத்தமும் மைதானத்தில் இருக்கும். வடக்கேயிருந்து வரும் ஆட்டக்காரர்களின் உயரத்தையும் அவர்கள் ஸ்டிக் பிடிக்கும் அழகையும் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அதையே எங்கள் பள்ளி மைதானத்தில் செய்து பார்ப்போம்.

அந்த மைதானத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஊர் கரிசல் பூமி. கரிசல் மண்ணை அப்படியே விட்டால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் மேலே சரளையும் செம்மண்ணும் அடித்துக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். வருஷம் போகப்போக செம்மண் காற்றோடு போய்விடும், சரளை மட்டும் நிற்கும். மேட்ச் நடக்கும் நாளில் விடியற்காலையில் டீம் மொத்தமும் ஒரு கோல் லைனில் வரிசையாக, கைக்கு எட்டும் இடைவெளியில் நிற்போம். ஆளுக்கு ஒரு சாக்கு. அப்படியே குனிந்து கல் பொறுக்கிக்கொண்டு அடுத்த கோல் லைன் வரைக்கும் போவோம், திரும்பி வருவோம். பிறகு மாட்டு வண்டியில் டிரம் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்போம். மைதானம் முழுக்கத் தெளிக்கத் தண்ணீர் ஏது? இரண்டு கோலுக்கும் முன்னால் வளைவாகப் போடும் ‘டி’க்குள் மட்டும் தெளித்து, உருளையை இழுப்போம். பக்கத்தில் ஓட்டை போட்ட டால்டா டின்னில் சுண்ணாம்பு நிரப்பி, கயிறு பிடித்து, ‘டி’யின் வளைவைப் போடுவது எங்கள் டிரில் மாஸ்டர் ஒருவருக்கே கைவந்த வேலை. வேறு யாரையும் அந்த டின்னைத் தொட விடமாட்டார்.

இத்தனை செய்தும் பந்து நேராக வராது. அவர் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான். “பந்தப் பாக்காதலே, தரையப் பாரு. பந்து என்ன செய்யப்போகுதுன்னு தரை சொல்லும்.” இருபத்தைந்து கெஜக் கோட்டுக்குப் பக்கத்தில், வலது ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதில் பட்ட பந்து உள்பக்கமாகத் தெறிக்கும். கிழக்குக் கோல் போஸ்டுக்கு முன்னால் ஒரு பாறைத் தலை வெளியே தெரியும், அதில் பட்டால் முழங்கால் உயரத்துக்கு எழும்பும். இந்த வரைபடம் எங்கள் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருந்தது. நான் ரைட் எக்ஸ்ட்ரீம் ஆடினேன். அந்தப் பள்ளத்தை நம்பியே பாஸ் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் ஆட்டத்தின் குணம் முழுக்க அந்தத் தரையிலிருந்து வந்தது. நீளமாக அடித்தால் பந்து எங்கே போகும் என்று தெரியாது, ஆகவே குட்டிக் குட்டிப் பாஸ்கள். பந்தை விட்டுப் பிடித்தால் கல்லில் பட்டுப் போய்விடும், ஆகவே ஸ்டிக்கோடு ஒட்டியே வைத்திருக்க வேண்டும். எதிராளி வந்தால் அவன் ஸ்டிக்கைத் தாண்டிப் பந்தைத் தூக்கிவிடத் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கட்டு பேச வேண்டும் என்பார் மாஸ்டர். இந்திய ஹாக்கி, பாகிஸ்தான் ஹாக்கி என்று உலகம் கொண்டாடிய கலையின் ஒரு சிறு கிளை எங்கள் ஊரிலும் இப்படித்தான் வளர்ந்தது.

நான் பிறந்த வருஷம் 1976. மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம். ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையாக செயற்கைப்புல்லில் ஆடப்பட்டது அங்கேதான். அதற்கு முந்தைய வருஷம், 1975 மார்ச்சில், கோலாலம்பூரில் புல்தரையில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து நாம் சாம்பியன் ஆனோம். தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த கோல்தான் வெற்றி கோல். அந்த அணியில் நம் ஊர்ப்பக்கத்து ஆளாகச் சென்னையின் வி. ஜே. பிலிப்ஸ் இருந்தார். பதினாறு மாதம் கழித்து மாண்ட்ரியலில் ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்று தோற்று ஏழாவது இடம். 1928-இலிருந்து ஏதாவது ஒரு பதக்கம் இல்லாமல் இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக்ஸிலிருந்து திரும்பியதே கிடையாது. அந்த வரிசை அங்கே அறுந்தது.

எங்கள் ஊர் டீக்கடைகளில் இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. புல்லில் நம்மை ஜெயிக்க முடியாத வெள்ளைக்காரன் பிளாஸ்டிக் கம்பளத்தைக் கொண்டுவந்து நம் கழுத்தை அறுத்துவிட்டான். இன்றைக்கும் வயதான ஆட்டக்காரர்கள் இதைக் கண் கலங்கச் சொல்வார்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. மாண்ட்ரியலுக்குப் பிறகும் உலகக் கோப்பை புல்லில் நடந்தது. 1982-இல் நம் பம்பாயிலேயே, நம் புல்லிலேயே, நம் ஜனங்களுக்கு முன்னாலேயே நடந்தது. நாம் ஐந்தாவதாக வந்தோம். அதற்கு முன்பு 1980-இல் மாஸ்கோ டர்ஃபில் சென்னைக்காரர் வி. பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியிருக்கிறோம். பல பெரிய நாடுகள் அந்த ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானும் நம்மைப் போல மண்ணிலும் புல்லிலும் வளர்ந்த அணிதான். அவர்கள் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் டர்ஃபில் ஒலிம்பிக் தங்கமும், பத்து வருஷம் கழித்து சிட்னி டர்ஃபில் உலகக் கோப்பையும் ஜெயித்தார்கள். தரை மாறியதால் மட்டுமே நாம் வீழ்ந்தோம் என்றால் அவர்கள் எப்படி எழுந்தார்கள்?

வெள்ளைக்காரன் டர்ஃப் கொண்டுவந்ததில் எனக்குக் கோபம் இல்லை. அது நம் பையன்களின் காலுக்குக் கீழே வந்து சேர இத்தனை காலம் ஆனதில்தான் கோபம். ஐரோப்பாவில் ஊர்க் கிளப்புகளெல்லாம் டர்ஃப் போட்டு எட்டு வயதுப் பிள்ளைகளை அதில் பழக்கிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு பெரிய தேசத்தில் இருந்த டர்ஃப்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஆட வேண்டுமானால் முதலில் நீங்கள் தேர்வாகியிருக்க வேண்டும். தேர்வாவதற்கோ டர்ஃபில் ஆடத் தெரிந்திருக்க வேண்டும். 1986 உலகக் கோப்பையில், லண்டன் டர்ஃபில், நாம் பன்னிரண்டாவதாக, அதாவது கடைசியாக வந்ததில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

அந்தக் கதவு எங்கள் முகத்தில் சாத்தப்பட்ட நாளை நான் பார்த்தேன். 1990-களின் நடுப்பகுதி. சென்னை எழும்பூர் மைதானத்தில் டர்ஃப் இருந்தது. 1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி அங்கேதான் நடந்தது. அந்தச் சமயத்தில் ஒரு துறை அணிக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஹாக்கி என்றால் வேலை என்றும் அர்த்தம். ரயில்வேயிலோ போலீஸிலோ பேங்கிலோ இடம் கிடைத்தால் குடும்பமே நிமிர்ந்துவிடும். நாங்கள் நான்கைந்து பேர் ராத்திரி ரயிலில் போனோம். கூட வந்தவன் எங்கள் சென்டர் ஹாஃப். என் காலத்தில் கோவில்பட்டி மண்ணில் அவனை விட நல்ல ஆட்டக்காரனை நான் கண்டதில்லை. தலை நிமிர்ந்தே ஆடுவான். பந்து எங்கே இருக்கிறது என்று அவன் குனிந்து பார்த்து நான் அறியேன்.

காலையில் டர்ஃபுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். நாலு பக்கமும் குழாய் எழுந்து பீய்ச்சி அடித்தது. பந்து சீறிக்கொண்டு போகவும், காலும் உடம்பும் உராய்வில் பொசுங்காமல் இருக்கவும் அப்படி நனைப்பார்கள் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் கால்களில் கேன்வாஸ் ஷூ. டர்ஃபுக்கென்று அடியில் குட்டிக் குட்டி ரப்பர் குமிழ்கள் வைத்த ஷூ உண்டு. சென்னைப் பையன்கள் அதைப் போட்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. முதல் பாஸ் அவனை நோக்கி வந்தது. அவன் வழக்கம்போல ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடித்து, இடது காலை முன்னால் வைத்து, பந்து எழும்புவதற்காக ஒரு கணம் காத்திருந்தான். பந்து எழும்பவில்லை. வேகமும் குறையவில்லை. ஸ்டிக்குக்கு அடியில் புகுந்து பின்னால் போய்விட்டது. இரண்டாவது பந்தும் அப்படியே. அங்கே ஆடிப் பழகிய பையன்கள் ஸ்டிக்கைத் தரையோடு தரையாகப் படுக்கப்போட்டு நிறுத்தினார்கள். சரளையில் ஸ்டிக்கைப் படுக்கப்போட்டால் விரல் முட்டிகள் பெயர்ந்துவிடும். எங்களுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவும் இல்லை, சொல்லித்தரத் தேவையும் இருந்ததில்லை. மூன்றாவது பந்துக்கு அவன் பாதி குனிந்துவிட்டான், நான்காவதை நிறுத்திவிட்டான். இன்னும் ஒரு வாரம் அந்தத் தரையில் விட்டிருந்தால் அவர்கள் எல்லோரையும் அவன் ஆட்டிவைத்திருப்பான். விசில் அடித்துவிட்டார்கள்.

“இதுக்கு முன்னாடி டர்ஃப்ல ஆடியிருக்கியாப்பா?” என்று கேட்டார் தேர்வாளர்.

“இல்ல சார்.”

அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்தான், குரலில் இரக்கம் இருந்தது. எனக்கும் அன்றைக்கு வேலை கிடைக்கவில்லை. பிறகு பரீட்சை எழுதி வேறு வேலைக்குப் போனேன், அதில் குறை ஒன்றும் இல்லை. அவனுக்குக் கிடைக்காததுதான் இன்றுவரை பொறுக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதப் போனான். இந்த நாட்டில் எத்தனை ஊர்களில் எத்தனை சென்டர் ஹாஃப்கள் அந்த ஒரே கேள்விக்கு ‘இல்ல சார்’ என்று பதில் சொல்லிவிட்டு ரயில் ஏறினார்களோ.

அடிபடுவதிலும் இரண்டு தரைக்கும் வித்தியாசம் உண்டு. மண்ணில் விழுந்தால் முழங்காலில் சரளை புதையும். வீட்டுக்கு வந்து அம்மா ஊசி முனையால் ஒவ்வொரு கல்லாக எடுத்து, டிஞ்சர் வைப்பாள். தழும்பு நிற்கும், ஆனால் புண் சீக்கிரம் ஆறிவிடும். டர்ஃபில் விழுந்து சறுக்கினால் தோல் உரிந்து தீப்புண்ணாகும். பார்க்கச் சின்னதாக இருக்கும், ராத்திரி போர்வை பட்டால் உயிர் போகும். இன்னொன்று, டர்ஃபில் எந்நேரமும் இடுப்பைத் தாழ்த்தியே ஓட வேண்டும். ஷூ தரையைக் கவ்விப் பிடிப்பதால் உடம்பு திரும்பும்போது பாதம் திரும்ப மறுக்கிறது, திருகல் முழுக்க முழங்காலில் இறங்குகிறது. மண் அப்போது நம்மைச் சறுக்கவிட்டுக் காப்பாற்றியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

கால்பந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் எங்களை விடத் துணிச்சலாகப் பேசினார்கள். 2015 மகளிர் உலகக் கோப்பையை கனடாவில் முழுக்க முழுக்க செயற்கைப்புல்லில் நடத்துவது என்று முடிவானபோது, ஆபி வாம்பாக் உள்ளிட்ட முன்னணி ஆட்டக்காரிகள் 2014-இல் சட்டப்படி புகார் கொடுத்தார்கள். ஆண்களுக்குப் புல், பெண்களுக்கு மட்டும் பிளாஸ்டிக்கா என்பது அவர்கள் கேள்வி. சிட்னி லெரூ என்ற ஆட்டக்காரி, டர்ஃபில் உரிந்து ரத்தம் கசியும் தன் கால்களைப் படம் எடுத்து ஊருக்கே காட்டினார். புகாரைப் பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டார்கள், போட்டி டர்ஃபிலேயே நடந்தது. 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்கோ, அமெரிக்காவில் செயற்கைப்புல் விரித்த பெரிய ஸ்டேடியங்களிலும் அதை நீக்கிவிட்டுப் புல் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பெண்கள் கேட்டது நியாயம். அவர்கள் பிறந்ததிலிருந்து காலடியில் இருந்த ஒன்றைத் திருப்பிக் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களின் கதை வேறு, அதற்கு வருகிறேன்.

இப்போது கோவில்பட்டி கிருஷ்ணா நகரில் டர்ஃப் இருக்கிறது. கேலரி இருக்கிறது, ராத்திரியைப் பகலாக்கும் விளக்குகள் இருக்கின்றன, விளையாட்டு ஆணையத்தின் சிறப்புப் பயிற்சி மையத்துப் பையன்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர் மாரீஸ்வரனும் அரியலூரிலிருந்து இங்கே வந்து பயின்ற கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தபோது எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். மறுவருஷம் ஆகஸ்டில் எழும்பூரில் மலேசியாவுக்கு எதிராக 1-3 என்று பின்தங்கியிருந்து 4-3 என்று ஜெயித்து ஆசிய சாம்பியன்ஸ் டிராபி வாங்கிய அணியிலும் அவர் இருந்தார். என் சென்டர் ஹாஃப் நண்பன் அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டே, “அதே எழும்பூருடா” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

டர்ஃப் கொடுத்ததில் பெரியது என்று நான் நினைப்பது பெண் பிள்ளைகள் ஆடுவதை. எங்கள் காலத்தில் பள்ளி மைதானத்தில் ஒரு பெண் ஸ்டிக் பிடித்து நான் பார்த்ததில்லை. பொட்டல், மறைவு கிடையாது, உடை மாற்ற இடம் கிடையாது, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டும். டர்ஃப் வந்தபோது சுற்றுச்சுவரும் விளக்கும் கழிப்பறையும் சேர்ந்து வந்தன. என் தம்பி மகள் பத்தாம் வகுப்பு. சாயங்காலம் போனால் எட்டு மணிக்கு வருகிறாள். பந்தை ஸ்டிக்கில் தூக்கி எதிராளி தலைக்கு மேல் அனுப்புகிறாள், பெனால்டி கார்னரில் பந்தை இழுத்துச் சுழற்றி வீசும் டிராக் ஃபிளிக் பழகுகிறாள். ஸ்டிக்கைத் திருப்பி, அதன் விளிம்பால், தரையோடு குனிந்து அவள் அடிக்கும் ரிவர்ஸ் ஹிட்டை நாங்கள் கற்பனைகூடச் செய்ததில்லை. சரளையில் அப்படி அடித்தால் முதலில் கல் பறக்கும், பிறகு ஸ்டிக் பறக்கும், பந்து அங்கேயே இருக்கும். நாங்கள் ஆடியபோது 35 நிமிஷம் வீதம் இரண்டு பாதி. இவர்களுக்கு 15 நிமிஷம் வீதம் நான்கு கால் பகுதிகள். அந்த வேகத்தில் 35 நிமிஷம் யாராலும் ஓட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை எங்கள் பழைய மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே என் நண்பன் தினமும் காலையில் பக்கத்துத் தெருப் பையன்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறான். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம். காசு வாங்குவதில்லை. அவள் தன் ஸ்டிக்கைப் பையிலிருந்து எடுக்கவே யோசித்தாள்.

“பெரியப்பா, கார்பன் ஸ்டிக்கு. இந்தக் கல்லுல தேஞ்சிரும்.”

உண்மைதான். எங்கள் காலத்து முசுக்கட்டை மர ஸ்டிக் விரிசல் விட்டால் நைலான் நூலைச் சுற்றி, பசை தடவி இன்னும் ஒரு சீசன் ஓட்டுவோம். இவளுடையதைச் சரளையில் நாலு நாள் உரசினால் அடிப்பக்கம் நார் நாராகிவிடும். அவன் தன் மர ஸ்டிக்கைக் கொடுத்தான். ஒரு பையன் பந்து அடித்தான். அவள் ஸ்டிக்கைப் படுக்கப்போட்டாள், பந்து ஒரு கல்லில் பட்டு அவள் முழங்கைக்கு மேலே தாவிப் போனது. திரும்பவும் அடித்தான், திரும்பவும் போனது.

“இதுல எப்படிப் பெரியப்பா ஆடுனீங்க?”

“ஸ்டிக்க நிமித்திப் பிடி தாயி. பந்தப் பாக்காத, தரையப் பாரு” என்றான் அவன். மாஸ்டர் சொன்ன அதே சொல். ஐம்பதைத் தாண்டிய மனிதன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்த பந்துகளையெல்லாம் சத்தமில்லாமல் நிறுத்திக் காட்டினான். அவள் வாய் பிளந்து பார்த்தாள். அரை மணி நேரத்தில் அவளுக்கும் கொஞ்சம் பிடிபட்டது. பிறகு அவன் கேட்டான்: “அந்தத் திருப்பி அடிக்கிறியே, அத எனக்குச் சொல்லிக் குடு.” கல் இல்லாத ஓர் இடத்தைக் காலால் கூட்டிச் சுத்தம் செய்து, அவள் தன் கார்பன் ஸ்டிக்கையே எடுத்துக் கொடுத்தாள்.

அந்தக் காலையில் நான் கண்டதைத்தான் நம் பயிற்சி முறை பார்க்க மறுக்கிறது. தரையைப் படிக்கும் கண்ணும் விரலின் மென்மையும் மண்ணில் வருகின்றன. வேகமும் உடம்பின் வளைவும் துல்லியமும் டர்ஃபில் வருகின்றன. சிறு பிள்ளைகள் இரண்டிலும் ஆட வேண்டும். ஆனால் ஊருக்கு ஒரு டர்ஃப் வந்ததும் மண் மைதானங்களைக் கவனிக்க ஆள் இல்லாமல் போய்விடுகிறது. பொருட்காட்சிக்கு விடுகிறார்கள், வண்டி நிறுத்த விடுகிறார்கள், ஓர் ஓரத்தில் கட்டடம் முளைக்கிறது. அந்த மைதானங்களில் கேட் கிடையாது. ஸ்டிக் இல்லாதவன் கருவேலங்கொம்பை வெட்டி வளைத்துக்கொண்டு வந்து ஆடினான். எங்கள் மாஸ்டர் அப்படி வந்தவர்களில் இருந்துதான் பாதி டீமை எடுத்தார். டர்ஃப் இருக்கும் இடத்தில் எங்கும் கேட் உண்டு, நேரம் உண்டு, பதிவுப் புத்தகம் உண்டு, ஷூ இல்லாதவன் உள்ளே கால் வைக்க முடியாது. விலை உயர்ந்த பொருள், எட்டு பத்து வருஷத்தில் தேய்ந்துபோகும், பாதுகாக்கத்தான் வேண்டும். அது எனக்குத் தெரியும். கொம்பு வெட்டிக்கொண்டு வரும் பையனை யார் பார்ப்பது என்பதுதான் என் கவலை.

தண்ணீரும் மனதை உறுத்துகிறது. சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீருக்காக வாரக்கணக்கில் காத்திருந்து, வந்த அன்றைக்கு ராத்திரி முழுக்கக் குடத்தோடு விழித்திருந்த ஊர் இது. ‘டி’க்குள் மட்டும் தண்ணீர் தெளித்தவர்கள் நாங்கள். ஒரு ஆட்டத்துக்குப் பல ஆயிரம் லிட்டர் குடிக்கும் தரை, கரிசல் சீமைக்குப் பொருந்துமா என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. இப்போது உலக ஹாக்கிக் கூட்டமைப்பே தண்ணீர் தேவைப்படாத தரையை நோக்கிப் போகிறது. பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கென்று வடிவமைத்த, முன்னைவிடக் குறைந்த தண்ணீரில் ஆடக்கூடிய, நாரின் பெரும்பகுதி கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருளால் ஆன டர்ஃபை அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2023-இல், எழும்பூரில் விரித்துவிட்டார்கள். எங்களை மாண்ட்ரியலிலிருந்து எழும்பூர் வரை இருபது வருஷம் காக்கவைத்த நாடு, இந்த முறை உலகத்துக்கு முன்னால் போய் நின்றது. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் ராத்திரி ரயில் ஏறாமல், காலை பஸ்ஸில் போய் உலகத்தைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினார்கள். தண்ணீரே வேண்டாத அந்தத் தரை வரும்போது, முதலில் கோவில்பட்டி மாதிரி ஊர்களுக்குத்தான் வர வேண்டும்.

என் நண்பன் அலைந்து திரிந்து, தன் பையன்களுக்கு டர்ஃபில் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் வாங்கிவிட்டான். யாராவது அவர்களிடம் வந்து ‘இதுக்கு முன்னாடி ஆடியிருக்கியா’ என்று கேட்டால் ‘ஆடியிருக்கேன் சார்’ என்று சொல்ல வேண்டும் என்கிறான். பதினாறு பையன்கள், நான்கு ஜோடி டர்ஃப் ஷூ. ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்பதால், நான்கு நான்கு பேராக உள்ளே விடுகிறான். வெளியே வருகிறவன் கோட்டோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கொடுக்கிறான், அடுத்தவன் ஈரத்தோடு அதை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். நாலாம் நம்பர் கால்காரன் ஆறாம் நம்பர் ஷூவில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு ஆடுகிறான். என் தம்பி மகள் தன் பழைய ஜோடியைக் கொடுத்திருக்கிறாள், அவள் தோழிகளிடமும் கேட்டிருக்கிறாள். எங்கள் பழைய டீமில் இன்று வேலையில் இருக்கிற எல்லோருக்கும் நான் போன் செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் பதினொரு ஜோடி வேண்டும். அதிகமும் ஐந்தாம் நம்பரும் ஆறாம் நம்பரும்.